குழாய்க்குள் முழங்கும் ஓசையை அடக்கும் வகை

வியாசர்பாடியை அடுத்து, மகாகவி பாரதியின் பெயரைப் பூண்டிருந்தும் பேச்சு வழக்கில் எம்.கே.பி. நகர் என்றே சுருங்கிப்போன பகுதியில், கீழே லேத்துப் பட்டறையும் மேலே குடித்தனமுமாக அமைந்த கட்டடங்கள் அநேகம். அத்தகைய ஒரு கட்டடத்தில் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால், பட்டறைக்காரருக்குக் காதிலே கேட்பதைவிட மாடிக்காரருக்கு நெஞ்சிலே கேட்பது அதிகம். 2012இல் சென்னையில் நாள்தோறும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு நிலவிய காலத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து வட சென்னையின் பல தெருக்களில் நாட்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோதும், இந்த முழக்கத்தைப் பற்றிய சண்டைகள் எத்தனை நடந்தன என்பதற்குக் கணக்கில்லை. எஞ்சினின் இரைச்சல் வேறு, புகைக்குழாயின் முழக்கம் வேறு. முன்னதை மூடிவைக்கக் கூடு இருக்கிறது, பின்னதை அடக்கக் கணக்குதான் வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

குழாய் என்பது ஓசையைச் சுமந்து செல்லும் வெறும் வழியன்று. அதன் நீளத்துக்கும் உள்ளேயிருக்கும் வாயுவின் சூட்டுக்கும் ஏற்பச் சில குறிப்பிட்ட ஸ்வரங்களை மட்டும் விரும்பி ஏற்று, அவற்றைப் பன்மடங்காக்கி வெளியே தள்ளுவது அதன் இயல்பு. காசிமேட்டுக் கரையில் படகைக் கடலுக்குள் தள்ளுகிறவர்கள் ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் அது அசையாது. எல்லாரும் ஒரே குரலுக்குத் தோள் கொடுத்தால் தானாக நழுவிப்போகும். எஞ்சின் ஒவ்வொரு முறை புகையை உமிழும்போதும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை புறப்பட்டு, மறுமுனையில் பிரதிபலித்துத் திரும்பி வருகிறது. அது திரும்பிவரும் சமயமும் அடுத்த உமிழ்வு புறப்படும் சமயமும் இசைந்துவிட்டால் அலை மேல் அலை ஏறிக் குழாய் முழங்குகிறது. இதுவே அனுநாதம். இசையாதபடி செய்வது முதல் உபாயம். இசைந்துவிட்ட அலையின் பலத்தை உறிஞ்சிக்கொள்வது இரண்டாவது உபாயம். நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில் தொடங்கிப் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு முதலாவதைப் பற்றி விசாரிக்கிறார்கள்.

முதலில் எஞ்சின் எந்த எண்ணில் உமிழ்கிறது என்பதை நிர்ணயம் செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் ஜெனரேட்டர்கள் அநேகமாக நிமிடத்துக்கு 1500 சுற்று, அதாவது வினாடிக்கு 25 சுற்று ஓடும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே உமிழ்வதால், சிலிண்டர் ஒன்றுக்கு வினாடிக்குப் பன்னிரண்டரை. ஆகவே இரண்டு சிலிண்டருக்கு 25, மூன்றுக்கு 37.5, நான்குக்கு 50, ஆறுக்கு 75 ஹெர்ட்ஸ் என்று வரும். இந்த எண்ணும் இதன் மடங்குகளுமே எஞ்சின் குழாய்க்கு ஊட்டும் ஆகாரம். மூன்று சிலிண்டருக்கு 37.5, 75, 112.5, 150 என்று அந்த வரிசை போகும். போர்டில் உள்ள மீட்டர் 50 ஹெர்ட்ஸ் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டால் சுற்றைத் தனியாக அளக்க வேண்டியதில்லை.

அடுத்தது வாயுவில் ஒலி ஓடும் வேகம். சாதாரணக் காற்றுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த எண்ணை எடுத்துப் புகைக்குழாய்க்குப் பிரயோகித்தால் கணக்கு முழுவதும் பிசகும். சூடு ஏற ஏற ஒலி விரைகிறது. செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தை 20ஆல் பெருக்கினால் போதுமான துல்லியத்தோடு வேகம் கிடைத்துவிடும். 30 டிகிரிப் பட்டறைக் காற்றில் வினாடிக்குச் சுமார் 348 மீட்டர். சைலன்சரைக் கடந்து 240 டிகிரிக்குத் தணிந்த புகையில் 453 மீட்டர். எஞ்சின் வாயருகே 400 டிகிரியில் ஏறக்குறைய 520 மீட்டர். சூட்டை அளக்க, புகையில் நேரே நுழையும் தெர்மோகப்பிள் கம்பிதான் நம்பகமானது. தூரத்திலிருந்து குறிவைக்கும் துப்பாக்கி வடிவக் கருவி குழாயின் வெளித்தோலை அளக்கிறதே தவிர உள்ளே ஓடும் வாயுவை அன்று.

மூன்றாவது, குழாயின் இரு முனைகளின் சுபாவம். சைலன்சர் அறைக்கும் வெளிவானத்துக்கும் இடையே நிற்கும் வால்குழாய் இரு பக்கமும் திறந்த குழாயைப் போல நடந்துகொள்ளும். அதன் நீளத்தின் இருமடங்கால் வேகத்தை வகுத்தால் அதன் முதல் ஸ்வரம் கிடைக்கும், மற்றவை அதன் இரட்டை, மும்மடங்கு என்று தொடரும். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் இடைப்பட்ட முன்குழாயோ ஏறத்தாழ ஒரு பக்கம் மூடியதாகவே நடந்துகொள்ளும். அங்கே நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும், மற்ற ஸ்வரங்கள் ஒற்றைப்படை மடங்குகளில் மட்டுமே தோன்றும். அலை குழாயின் வாயோடு நின்றுவிடாமல் சற்று வெளியே தலைநீட்டித் திரும்புவதால், நீளத்தோடு முனைக்குச் சற்றேனும் கூட்டிக்கொள்வது முறை. மூன்று அங்குலக் குழாய்க்கு இரு முனைகளுக்கும் சேர்த்து 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். மூன்று சிலிண்டர் எஞ்சினோடு 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர். கே.வி.ஏ. திறனின் வர்க்கமூலத்தை 0.2ஆல் பெருக்கி வருகிற அளவு மீட்டர், புகைக்குழாய் கட்டடத்தின் உச்சிக்கு மேலே நிற்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் வகுத்திருக்கும் சூத்திரம். 25க்கு அது ஒரு மீட்டர், 100க்கு இரண்டு மீட்டர். ஆகவே குழாய் நீளமாவது தவிர்க்க முடியாத காரியம். இரும்புக் குழாயோ கடையில் 6 மீட்டர் நீளத்தில், அதாவது இருபது அடியில் வருகிறது. வெல்டர் என்ன செய்வார்? எஞ்சினிலிருந்து அரை மீட்டருக்குப் பெல்லோஸும் பெண்டும், அதன்மேல் ஒரு மீட்டர் சைலன்சர், அதன்மேல் முழுக்குழாய் ஒன்றை அப்படியே நிறுத்தி ஃபிளேஞ்சை முடுக்கிவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போவார். சோதனை ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாள் இரண்டு லேத்தும் வெல்டிங் செட்டும் சேர்ந்து சுமை ஏறிய அரை மணியில், மாடி ஜன்னல் கண்ணாடி நடுங்க ஆரம்பிக்கும்.

கணக்கைப் பாருங்கள். 6 மீட்டரோடு 5 சென்டிமீட்டர் கூட்டி, இருமடங்காக்கினால் 12.1 மீட்டர். புகை 240 டிகிரியில் இருக்கையில் 453ஐ 12.1ஆல் வகுத்தால் 37.4 ஹெர்ட்ஸ், எஞ்சின் உமிழ்வதோ 37.5. வேண்டுமென்றே சுருதி கூட்டியிருந்தாலும் இத்தனை பொருத்தமாக அமைந்திராது! சுமையில்லாமல் ஓடும்போது புகை 150 டிகிரியில் இருந்ததால் குழாயின் ஸ்வரம் 34ஆக நின்றது, எஞ்சினோடு சேரவில்லை. சுமை ஏறிப் புகை சூடான பிறகு ஸ்வரம் ஏறிவந்து எஞ்சினோடு கைகோத்துக்கொண்டது. சுமைக்கேற்பத் தோன்றி மறையும் முழக்கம் பெரும்பாலும் குழாயின் அனுநாதமே. சுமை எதுவானாலும் மாறாத இரைச்சல் பெரும்பாலும் எஞ்சின், விசிறி, அல்லது கேஸ்கட் கசிவு. எந்தக் கருவியும் வாங்குமுன் செய்து பார்க்க வேண்டிய முதல் பரீட்சை இதுவே. கைபேசியில் ஒலியைப் பிரித்துக் காட்டும் செயலி ஒன்று இருந்தால், உச்சம் எந்த எண்ணில் எழுகிறது என்பதை நம்பலாம். அது காட்டும் டெசிபெல் அளவை, அதிலும் கனத்த ஸ்வரங்களில், நம்ப வேண்டாம்.

பரிகாரம் இங்கே ஒரு வெட்டும் இரண்டு வெல்டிங்கும்தான். வால்குழாயின் நான்கில் ஒரு பங்கை, அதாவது ஒன்றரை மீட்டரை, அடியில் அறுத்தெடுத்துச் சைலன்சருக்குக் கீழே பொருத்தினால், சைலன்சர் ஒன்றரை மீட்டர் உயர்கிறது. மொத்த உயரம் மாறவில்லை, குழாயும் வீணாகவில்லை. வால்குழாய் இப்போது நான்கரை மீட்டர்; அதன் ஸ்வரங்கள் 50, 100 என்று, 37.5க்கும் 75க்கும் 112.5க்கும் இடையே உள்ள வெற்றிடங்களில் போய் விழுகின்றன. மூன்றாவது ஸ்வரம் 150ஐ ஒட்டி விழத்தான் செய்கிறது. ஆனால் அத்தனை மேலே எஞ்சினின் பலம் குறைவு, சைலன்சரும் அங்கே நன்றாக உழைக்கும். முன்குழாய் இரண்டு மீட்டராகிறது. 520ஐ எட்டால் வகுத்தால் 65. இதுவும் வெற்றிடத்தில்தான். மூன்றரை மீட்டர் முன்குழாய் வைத்திருந்தால் 37ஆக வந்து, ஒரு வம்பைத் தீர்த்து மற்றொன்றை விலைக்கு வாங்கியிருப்போம்.

“முழு லென்த்தை ஏன்ணே அறுக்கணும்? பெரிய சைலன்சரா ஒண்ணு மாட்டிட்டா அடங்கிடாதா?” என்று வெல்டர் கேட்பார். “அறுக்கத்தான்பா சொல்றேன். அறுத்த துண்டு எங்கேயும் போகல, கீழே வருது” என்று பட்டறைக்காரர் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும். பெரிய சைலன்சரை மாட்டியும் வால்குழாய் ஆறு மீட்டராகவே இருந்தால், சைலன்சர் குறைத்ததைக் குழாய் மறுபடியும் பெருக்கிக் கொடுத்துவிடும்.

நீளத்தை மாற்ற இடமில்லாதவர்களுக்கும், மாற்றியும் மிச்சமிருப்பதைப் போக்க விரும்புவோருக்கும் உறிஞ்சும் உபாயங்கள் உதவும். அவற்றைப் பிரயோகிக்குமுன் ஓர் உண்மையைப் பிரத்தியட்சமாகக் கண்டுகொள்வது நல்லது. ஒரு மீட்டர் நீளமுள்ள மூன்று அல்லது நான்கு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டொன்றை எடுத்து, அதன் ஒரு வாயை ரப்பர்ச் செருப்பால் அடித்துச் செருப்பை அங்கேயே அழுத்திப் பிடியுங்கள். ‘பூம்’ என்று 85 ஹெர்ட்ஸுக்கு அருகே ஒரு ஸ்வரம் எழும். இப்போது காற்றுப் புகும்படியான தளர்ந்த ஸ்பாஞ்சுத் துண்டொன்றை, செருப்படி விழும் முனைக்குச் சற்று உள்ளே செருகி மறுபடி அடியுங்கள். ஓசையில் பெரிய மாறுதல் இராது. அதே ஸ்பாஞ்சை எதிர்முனையின் திறந்த வாய்க்குள் செருகி அடியுங்கள். ‘பூம்’ போய் ‘டொப்’ என்று செத்த சத்தம் கேட்கும். பஞ்சு ஒன்றே, அளவு ஒன்றே, இடம்தான் வேறு.

காரணம் இது. நின்ற அலையில் காற்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. மூடிய முனையில் அது நகர முடியாமல் அழுத்தம் மட்டும் ஏறியிறங்குகிறது. திறந்த முனையில் அழுத்தம் வெளிக்காற்றோடு சமனாகிக் காற்று முன்னும் பின்னும் தாராளமாக ஓடுகிறது. பஞ்சு ஓசையைத் தின்பது உராய்வினால். தன் இழைகளுக்கிடையே காற்று ஓடினால்தான் அதற்கு உணவு. ஆகவே காற்று ஓடும் இடத்தில் பஞ்சு, அழுத்தம் ஏறும் இடத்தில் கிளைக்குழாயோ குடுவையோ என்பதை இத்தொழிலின் மூல விதியாகக் கொள்ளலாம். இரு பக்கமும் திறந்த வால்குழாயின் முதல் ஸ்வரத்துக்கு அழுத்தம் உச்சமாகும் இடம் நட்டநடு. பஞ்சுக்கு உகந்த இடங்கள் இரண்டு முனைகளும். பஞ்சு அடைத்த சைலன்சரை அழகுக்காக நடுவில் தொங்கவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அந்த ஸ்வரத்தைப் பொறுத்தவரை அது வெறும் பாரம்.

குடுவை என்று சொன்னது, குறுகிய கழுத்தும் அகன்ற வயிறும் உடைய மூடிய பாத்திரத்தை. இதன் இலக்கணத்தை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட இசையொலி பற்றிய பெருநூலில் விரித்துரைத்தார். நம் மாநிலக் கல்லூரியில் பயின்ற சி.வி. ராமன், தம் வாழ்வை உருவாக்கிய மூன்று நூல்களுள் ஒன்றாக அதைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. கழுத்திலுள்ள காற்று ஒரு கட்டியாகவும் வயிற்றிலுள்ள காற்று சுருள்வில்லாகவும் நின்று, தமக்குரிய ஒரே ஸ்வரத்தில் ஆடுகின்றன. அந்த ஸ்வரம் குழாயில் வரும்போது குடுவை எதிர்த்தாடி அதை அங்கேயே முறித்துவிடுகிறது. நம் உதாரணத்துக்கு அளவு வேண்டுமானால், இரண்டு அங்குலக் குழாயில் 10 சென்டிமீட்டர் கழுத்தும், 30 சென்டிமீட்டர் விட்டமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உருளையும் போதும். கொள்ளளவு ஏறக்குறைய 42 லிட்டர். குடுவைக்குள் புகை ஓட்டம் இல்லாததால் அது பிரதான குழாயைவிடக் குளிர்ந்தே இருக்கும் என்று கொண்டு, உள்ளே 150 டிகிரி என்று வைத்துப் போட்ட கணக்கு இது. 3 மில்லிமீட்டர் தகட்டில் செய்து, ஆறு மீட்டர் குழாயின் நடுவே, கழுத்துக் கீழாகவும் வயிறு மேலாகவும் சாய்த்துப் பொருத்துங்கள். வயிற்றைக் கீழாக வைத்தால் புகையில் கலந்து வரும் நீரும் கரியும் அதற்குள் தங்கி, ஓர் ஆண்டுக்குள் கொள்ளளவும் குறையும், தகடும் அரித்துப்போகும். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை உப்புக்காற்று வெளிப்புறத்தை அரிக்க, உட்புறத்தை நாமே அரிக்கவிடுவது நியாயமன்று.

கிளைக்குழாய் இதைவிட எளிது. ஒரு முனை மூடிய குழாயைப் பக்கவாட்டில் ஒட்டவைப்பதுதான். அதன் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்க வேண்டும். 37.5 ஹெர்ட்ஸுக்கு, கிளைக்குள்ளே 150 டிகிரி என்று கொண்டால், இரண்டே முக்கால் மீட்டர் ஆகிறது. சுவரோரமாக இத்தனை நீளத்துக்கு இடம் கிடைப்பது எம்.கே.பி. நகர்ச் சந்துகளில் துர்லபம் என்பதால் நான் குடுவையையே விரும்புகிறேன். இடம் உள்ளவர்கள் மூன்று மீட்டராக வெட்டி, உள்ளே நகரக்கூடிய அடைப்புத் தகடொன்றைத் திருகு கம்பியில் பொருத்தி, முழுச்சுமையில் எஞ்சின் ஓடுகையில் தகட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, முழக்கம் மிகக் குறையும் இடத்தில் நிறுத்திவிடலாம். காகிதத்துக் கணக்கை விட இந்தத் திருகு கம்பி நேர்மையானது.

சைலன்சர் அறையைப் பற்றிச் சில எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால், கடையில் விற்கிறவர் சொல்வதை எடைபோடலாம். பஞ்சில்லாத வெற்று அறை, குழாயைவிட எத்தனை மடங்கு அகன்றதோ அதைப் பொறுத்தே ஓசையைத் தடுக்கும். விட்டம் இருமடங்கானால் மிஞ்சிப்போனால் ஆறரை டெசிபெல், மும்மடங்கானால் 13, நான்கு மடங்கானால் 18. மூன்று அங்குலக் குழாய்க்குப் பன்னிரண்டு அங்குல அறை என்பது ஆகவே கைகண்ட அளவு. அந்த உச்சமும் அறையின் நீளம் கால் அலைநீளத்தை எட்டும்போதுதான் கிடைக்கும். ஒரு மீட்டர் அறை 37.5 ஹெர்ட்ஸில் 12 டெசிபெல் மட்டுமே தரும், 225 ஹெர்ட்ஸில் அரை அலைநீளமாகிவிடுவதால் ஒன்றுமே தராமல் அந்த ஸ்வரத்தை வழிவிட்டு அனுப்பும். 225 என்பது 37.5இன் ஆறாம் மடங்கு என்பதைக் கவனியுங்கள். இந்த ஓட்டையை அடைக்க ஒரு பழைய உத்தி உண்டு. நுழைகுழாயை அறையின் பாதி நீளத்துக்கும், வெளிச்செல்லும் குழாயைக் கால் பங்கு நீளத்துக்கும் உள்ளே நீட்டிவிடுவது. ஒரு மீட்டர் அறைக்கு 50, 25 சென்டிமீட்டர். இரண்டரை அடி குழாய் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

பஞ்சு கீச்சென்ற உயர்ந்த ஓசைகளுக்கே ஏற்றது. 10 சென்டிமீட்டர் கனத்துக்கு அடைத்தாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அது சோர்ந்துவிடும், 37.5 ஹெர்ட்ஸ் முழக்கத்தைப் பஞ்சால் அடக்க முயல்வது வீண்பிரயாசை. டர்போவின் சீழ்க்கையும் புகை வெளியேறும் சீறலும் தொந்தரவு செய்தால், முன்சொன்ன அறைக்குப் பிறகு பஞ்சு அடைத்த சைலன்சர் ஒன்று வைக்கலாம். உள்ளே ஓடும் துளைக்குழாயில் துளைகளின் பரப்பு கால் பங்கேனும் இருக்க வேண்டும். பஞ்சு ராக் வூலாக இருக்கட்டும். சாதாரண கிளாஸ் வூலில் இழைகளை ஒட்டவைத்திருக்கும் பசை, எஞ்சின் அருகேயுள்ள சூட்டில் கருகி உதிர்ந்து, இழைகள் புகையோடு வெளியே பறந்துவிடும். துளைக்கும் பஞ்சுக்கும் இடையே ஸ்டெயின்லெஸ் வலையைச் சுற்றினால் ஆயுள் நீளும். பழைய சாமான் கடைகளில் இன்னும் அகப்படும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறும் நூலும் விலை மலிவென்று அவற்றை மட்டும் தொட வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் கொல்லும்.

ஓசையை அடக்கும் உற்சாகத்தில் எஞ்சினின் மூச்சை நெரித்துவிடக் கூடாது. அறைகளும் வளைவுகளும் கூடக்கூடப் பின்னழுத்தம் ஏறும்; எஞ்சின் சூடாகும், கரும்புகை கக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். எஞ்சின் புத்தகத்தில் இதற்கு ஓர் உச்ச வரம்பு குறித்திருப்பார்கள். அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எஞ்சினுக்கு அருகே குழாயில் ஒரு சிறு முனை வைத்து, சற்றுத் தூரம் செம்புக் குழாயில் ஆறவிட்டு, பிறகு ‘யு’ வடிவில் வளைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி இணைத்தால், இரு புறத்து நீர்மட்ட வித்தியாசமே அளவு. ஒரு மீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல். வேலைக்கு முன்னும் பின்னும் முழுச்சுமையில் அளந்து குறித்துவைக்க வேண்டும். இந்தச் சோதனைகள் எதையும் ஷட்டரை இறக்கிவிட்டுச் செய்யலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலை கனத்து மயங்கும்போதுதான் தெரியும், அப்போது எழுந்து போய் ஷட்டரைத் தூக்கும் சக்தி இராது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1000 கே.வி.ஏ. வரையிலான புதிய டீசல் ஜெனரேட்டர்கள் கூட்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கக் கூடாதென்பது 2005 முதல் உள்ள விதி; சுற்றுப்புற ஒலிக்கு, 2000ஆம் ஆண்டு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45. ஆனால் இந்த அளவுகளெல்லாம் மனிதச் செவியின் கூர்மையைப் பின்பற்றி, கனத்த ஸ்வரங்களைக் குறைத்தே கணக்கிடும் மீட்டரால் எடுக்கப்படுபவை, 37.5 ஹெர்ட்ஸுக்கு அந்த மீட்டர் ஏறக்குறைய 35 டெசிபெல்லைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. எனவே மீட்டர் சம்மதித்தும் மாடிக்காரரின் பாத்திர அலமாரி சம்மதிக்காமல் அதிர்வது சாத்தியமே. அவர் பொய் சொல்கிறார் என்று பட்டறைக்காரர் முடிவு கட்டுவது அநியாயம்.

மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை உருவான மண்ணில் கேட்காமல் இருப்பார்களா? அங்கே நிலைமை தலைகீழ். ஒற்றைச் சிலிண்டர் புல்லட்டின் முழக்கத்தைக் காசு கொடுத்து வளர்க்கிறார்கள். எஞ்சினின் சுற்று ஓயாமல் மாறுவதால் நீளத்தைக் கொண்டு தப்பிக்க வழியில்லை, அறையையும் பஞ்சையும் நம்பியே ஆகவேண்டும். அவற்றை உருவியெறிந்துவிட்டுப் பட்டாசுச் சத்தத்தோடு பள்ளிக்கூட வாசலில் போகிறவருக்கு இந்த அத்தியாயத்தால் பயனில்லை, 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் சைலன்சருக்கென்றே ஒரு விதி இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

வேலை முடிந்தபின் குழாயின் வாயை இரண்டு சுவர்கள் கூடும் மூலையை நோக்கித் திருப்பாமல், திறந்த வானை நோக்கி நாற்பத்தைந்து டிகிரியில் சாய்த்து வெட்டிவிடுங்கள். மேலே தொங்கும் மூடித் தகடு மழையைத் தடுத்தாலும் சுமை குறைந்த நேரத்தில் கடகடவென்று தானே ஒரு வாத்தியமாகிவிடும். அடியில் நீர் வடிய ஒரு பிளக் வைத்து, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்து ஒரு முறை திறந்து வடித்துவிட்டு, அப்போதே குடுவையையும் தட்டிப் பாருங்கள். கரி அடைந்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும். பின்னொரு நாள் பட்டறையில் புதிய இயந்திரம் ஒன்றைச் சேர்த்துச் சுமையைக் கூட்டினால் புகையின் சூடும் கூடும், குழாயின் ஸ்வரமும் நகரும். அப்போது தெர்மோகப்பிள் கம்பியை மறுபடி செருகி, முதலிலிருந்து வகுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.